பழைய பேப்பர்: கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 60 வீடுகள். மாதம் ஒருமுறை பழைய பேப்பரைச் சேர்த்து, வந்த பணத்தைச் சங்கத்தில் போடுகிறோம். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ‘கலந்திருக்கு, ஈரமா இருக்கு’ என்று விலையைக் குறைக்கிறார். ஏமாற்றுகிறாரா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பெரும்பாலும் அவர் சொல்வது நியாயம்தான். செய்தித்தாளுக்கான கூழில் பெரும்பகுதி மரத்தை அப்படியே அரைத்து எடுப்பது. மர இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுவதால் வெயில் பட்டதும் மஞ்சளாகிறது. நோட்டு, ஜெராக்ஸ் தாள்களில் லிக்னினை நீக்கியிருப்பார்கள். அதனால்தான் இரண்டுக்கும் விலை வேறு. இரண்டும் ஒரே மூட்டையில் போனால் மொத்தத்துக்கும் மட்டமான சரக்கின் விலைதான் கிடைக்கும். பழுப்பு அட்டையும் சேர்ந்தால், ஆலையில் மறுபடி அரைக்கும்போது வெள்ளைக் கூழில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

எனவே செய்தித்தாள், வெள்ளைத்தாள், அட்டை என மூன்று சாக்கு வையுங்கள். கீழே கொண்டுவந்து கொட்டிய பிறகு பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. வீட்டிலேயே பிரித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். செய்தித்தாளை 10 கிலோ கட்டாகச் சணலால் கட்டுங்கள், பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். அட்டைப்பெட்டியில் ஒட்டியுள்ள டேப்பை உரித்துவிட்டுத் தட்டையாக மடியுங்கள்.

ஈரம் இன்னொரு சிக்கல். ஈரம் அளவுக்கு மேல் இருந்தால் ஆலை அந்த எடையைக் கழித்துவிடும், கடைக்காரர் உங்களிடம் கழிப்பார். தரையில் அடுக்காதீர்கள். செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து அரையடி தள்ளி அடுக்கினால் கரையான் ஏறுவதும் உடனே கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகையில் மாதக் கடைசிவரை வைத்திருக்காமல் 15 நாளுக்கொரு முறை எடுத்துவிடுங்கள். கடைக்காரர் வருமுன் நீங்களே தொங்குதராசில் நிறுத்து நோட்டில் எழுதிவைத்தால் எடைத் தகராறும் வராது.

கேள்வி: டீ கப், கடை பில், பீட்சா பெட்டி எல்லாம் பேப்பர்தானே, ஏன் வாங்க மறுக்கிறார்கள்?
– வாசகர், திருப்பூர்

பதில்: டீ கப்பைக் கிழித்துப் பாருங்கள், விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் நீளும். அந்தப் படலம் சாதாரணக் கூழ்த்தொட்டியில் கரையாது. பில்லை நகத்தால் கீறினால் கருங்கோடு விழும். சூட்டில் எழுத்து வரும் ரசாயனத் தாள் அது, கலக்கவே கூடாது. பீட்சா பெட்டியில் எண்ணெய் படாத மூடியைக் கிழித்து அட்டையோடு போடலாம், அடிப்பக்கம் வேண்டாம். எண்ணெய் இழையோடு ஒட்டிக்கொண்டு புதுத் தாளில் கறையாக வரும். ஸ்டேப்ளர் பின்னை எடுக்க மெனக்கெட வேண்டாம், ஆலையின் சல்லடையில் அது நின்றுவிடும். தடித்த புத்தகங்களின் முதுகுப் பசைதான் தொல்லை: கூழின் சூட்டில் இளகி உருளைகளில் ஒட்டி, தாளில் ஓட்டை விழச் செய்யும். முதுகை மட்டும் கிழித்தெடுத்துவிட்டுப் போடுங்கள்.