திருப்பாதிரிப்புலியூர் மொபைல் திரையில் அடங்க என்ன வழி?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடும்பம் முந்திரிக் கடை நடத்துகிறது. ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட்டை எடுத்து, ஆங்கிலத்தை நீக்கித் தமிழைப் போட்டு, கடைக்கு நானே வெப் பக்கம் செய்தேன். லேப்டாப்பில் நன்றாக இருக்கிறது. மொபைலில் பக்கம் இடமும் வலமும் நகர்கிறது. ‘திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டி முந்திரி’ என்ற தலைப்பு திரையைத் தாண்டிப் போகிறது. பொருள்களின் பெட்டிகளில் கடைசி வரி வெட்டுப்படுகிறது. ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்’ போட்டதும் நகர்வது நின்றது, ஆனால் தலைப்பில் பாதியைக் காணோம். டெம்ப்ளேட்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பியிருந்த, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். ஃபைலைப் பார்த்தேன். ஆங்கிலச் சொற்களை அளந்து தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஏழெட்டு வரிகளைத் திருத்தினால் சரியாகிவிடும். பண்புகளின் பெயரை இங்கே ஒலிப்பெயர்ப்பில் எழுதுகிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

முதலில் அந்த ஹிடன் வரியை எடுத்துவிடுங்கள். அது நோயைத் தீர்க்கவில்லை, மறைக்கிறது. எது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் சரிசெய்ய முடியும். அதற்கு நான் எப்போதும் செய்வது இது: எல்லா உறுப்புகளுக்கும், அதாவது நட்சத்திரக் குறிக்கு (*), ஒரு பிக்சல் சிவப்பு ‘அவுட்லைன்’ என்ற சுற்றுக்கோடு கொடுத்துப் பார்ப்பேன். ‘பார்டர்’ கொடுக்கக் கூடாது. அது இடம் பிடித்து அளவுகளை மாற்றிவிடும். அவுட்லைன் இடம் பிடிக்காது. உங்கள் பக்கத்தில் அப்படிப் பார்த்தபோது மூன்று பெட்டிகள் வெளியே நீட்டின: தலைப்பு, விசாரணைப் படிவம், பலாமரப் படம்.

படிவத்துக்கு விட்த் (அகலம்) 100%, பேடிங் (உள் இடைவெளி) இரு பக்கமும் 20 பிக்சல் என்று இருக்கிறது. சி.எஸ்.எஸ்.ஸின் இயல்பான கணக்கில் பேடிங் அந்த நூறு சதவீதத்துக்கு வெளியே சேரும். ஆக, திரையைவிட 40 பிக்சல் அதிகம். நட்சத்திரக் குறிக்கே ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ என்று ஒரு வரி எழுதினால் பேடிங் உள்ளே அடங்கிவிடும். படத்துக்கு ‘மேக்ஸ்-விட்த்: 100%’, ‘ஹைட்: ஆட்டோ’ போதும். ஆனால் இது தோற்றத்தை மட்டுமே சுருக்கும், ஃபைலின் கனம் அப்படியேதான் இருக்கும். கேமராவில் எடுத்த 4000 பிக்சல் படத்தை 1200க்குக் குறைத்து ஏற்றுங்கள்.

இப்போது தலைப்பு. பிரவுசர் சாதாரணமாகச் சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் வரியை மடிக்கும். தமிழிலோ வேற்றுமை உருபும் சொல்லுருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘திருப்பாதிரிப்புலியூரிலிருந்து’ பதினைந்து எழுத்து, நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. நீங்கள் கொடுத்திருக்கும் 40 பிக்சல் அளவில், 360 பிக்சல் அகல மொபைலில் அந்த ஒரு சொல்லே திரையைத் தாண்டிவிடும்.

இதற்குப் பலரும் ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ போடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது நீளச் சொல்லை மட்டுமல்ல, ‘பருப்பு’ போன்ற சின்னச் சொல்லையும் வரி முடியும் இடத்தில் வெட்டிவிடும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ போடுங்கள். தனி வரியிலும் அடங்காத சொல்லை மட்டும்தான் அது உடைக்கும். இதிலேயே ‘பிரேக்-வேர்ட்’ என்றும் ஒரு மதிப்பு உண்டு, ஆனால் பெட்டிகளை அடுக்கும் முறைகளான ஃப்ளெக்ஸ், கிரிட் இரண்டுக்குள்ளும் அது சரிப்படாது. குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது பெட்டி அந்த முழுச் சொல்லின் நீளத்தையே எடுத்துக்கொண்டு சுருங்க மறுக்கும்.

எனிவேர் ஒரு பாதுகாப்பு வலைதான். அதற்குத் தமிழ் தெரியாது. மெய்யெழுத்தில் அடுத்த வரியைத் தொடங்கினாலும் தொடங்கிவிடும், வாசிப்பவருக்கு அது உறுத்தும். உங்கள் தலைப்புக்கு நீங்களே இடம் காட்டிவிடுங்கள்: ‘திருப்பாதிரிப்’ என்பதற்குப் பின்னால் டபிள்யூ.பி.ஆர். என்ற எச்.டி.எம்.எல். டேக்கைச் செருகுங்கள். இடம் போதாதபோது மட்டும் அங்கே மடியும், நடுவில் கோடும் வராது. பாடலீஸ்வரர் கோயிலின் தலமரமான பாதிரி ஒரு வரியிலும் புலியூர் அடுத்த வரியிலும் நிற்கும். ஊர்ப் பெயர் பொருள் சிதையாமல் மடிவது அழகு இல்லையா? தலைப்பின் அளவை இரு எல்லைகளுக்குள் நிறுத்தும் ‘கிளாம்ப்’ கொடுங்கள்: குறைந்தது 1.5 ரெம், நடுவில் 6 வி.டபிள்யூ., அதிகம் 2.5 ரெம். ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு, வி.டபிள்யூ. என்பது திரை அகலத்தில் நூறில் ஒரு பங்கு. டெம்ப்ளேட்டில் குறிப்பிட்ட மூன்று போன்களின் அகலத்துக்கென்று எழுதியிருந்த ‘மீடியா கொயரி’ என்ற தனி விதிகளை அதன்பின் நீக்கிவிடலாம்.

அப்புறம் பெட்டிகளில் வெட்டுப்படும் வரி. பல வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஓர் உணவகத்துக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என்று மூன்று மொழியில் பக்கம் செய்தேன். மற்ற இரண்டிலும் ஒரே வரியில் நின்ற உணவின் பெயர் தமிழில் மூன்று வரி ஆனது. பெட்டியின் உயரத்தை நான் கட்டிப்போட்டிருந்ததால், கீழே இருந்த விலை மறைந்துபோனது. வாடிக்கையாளர்கள் விலையே தெரியாமல் போன் செய்து கேட்டார்கள். அன்றிலிருந்து எழுத்து இருக்கும் பெட்டிக்கு நான் ‘ஹைட்’ (உயரம்) எழுதுவதில்லை. ‘மின்-ஹைட்’ (குறைந்தபட்ச உயரம்)தான். உங்கள் பெட்டியில் ஹைட் 60 பிக்சல் என்று இருக்கிறது. ‘உப்புக் காரம் சேர்த்து வறுத்த முழு முந்திரி’ அதில் எப்படி அடங்கும்? எழுத்து எவ்வளவோ, பெட்டி அவ்வளவு வளரட்டும்.

பெட்டிகளின் அகலத்தையும் 400 பிக்சல் என்று கட்ட வேண்டாம். வெளிப் பெட்டிக்கு ‘டிஸ்ப்ளே: கிரிட்’ கொடுத்து, அதன் நெடுவரிசைகளை ‘ரிப்பீட்’, ‘ஆட்டோ-ஃபிட்’, ‘மின்மேக்ஸ்’ மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்: குறைந்தது 240 பிக்சல், அதிகம் 1 எஃப்.ஆர்., அதாவது மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு. லேப்டாப்பில் மூன்று நான்காகவும் மொபைலில் ஒன்றாகவும் தானே அடுக்கிக்கொள்ளும். ஒரே வரிசையில் உள்ளவை உயரத்திலும் ஒத்துப்போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தமிழுக்கு இதுதான் எனக்கு முக்கியம். உங்கள் லைன்-ஹைட், அதாவது வரி உயரம், 1.1. மேலே சுழி விரியும் ‘மீ’யும் கீழே வால் இறங்கும் ‘பூ’வும் நம் எழுத்தில் உண்டு, அடுத்தடுத்த வரிகளில் இவை உரசுகின்றன. பக்கத்தின் உரைக்கு 1.7, தலைப்புக்கு 1.35 வையுங்கள். பிக்சல் போடாமல் வெறும் எண்ணாக எழுதினால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எழுத்தளவுக்கு ஏற்பக் கணக்கிட்டுக்கொள்ளும்.

விலையை #777 சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறீர்கள். வெள்ளைப் பின்னணியில் அதன் வேறுபாடு 4.48 மடங்கு, சாதாரண எழுத்துக்கு 4.5ஆவது வேண்டும் என்பது, எல்லோராலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகல் விதி. கடலூர் சில்வர் பீச் வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘க’வா ‘க்’கா என்று தெரியாது. #555 ஆக்குங்கள், எழுத்தை 17 பிக்சலுக்குக் கீழே குறைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பிரவுசரின் டெவலப்பர் கருவியில் அகலத்தை 360, பிறகு 320 என்று வைத்துப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், வீட்டில் பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் போனை வாங்கி, விசாரணைப் படிவம் வரை ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். ஏதாவது பெட்டி இன்னும் நீட்டினால், அதன் சிவப்புக் கோட்டோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.