ஸேட் என்ற சொல்லும் சடைவும்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வருத்தம் என்று பொருள்படும் ‘ஸேட்’ (sad) என்ற ஆங்கிலச் சொல் நம் ‘சடைவு’ என்பதிலிருந்து போனது என்று வாட்ஸப்பில் ஒரு பதிவு வந்தது. எங்கள் பக்கம் சோர்வைச் சடைவு என்றுதான் சொல்வோம். பொருத்தமாகத் தெரிகிறது. வகுப்பில் சொல்லலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வேண்டாம். பிள்ளைகள் டீச்சர் சொன்னதைக் கடைசிவரை நம்புவார்கள்.

இன்றைய ஒலியையும் இன்றைய பொருளையும் வைத்துச் சொல்லுக்குப் பூர்வீகம் பார்க்கக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் துயரம் என்ற பொருளே இல்லை. நிறைந்த, போதும் போதுமென்றாகிவிட்ட என்பதுதான் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் வயிறு நிறைந்துவிட்டால் ‘ஸாட்’ என்பார்கள். லத்தீனில் ‘ஸாடிஸ்’ என்றால் போதுமானது. திருப்திப்படுத்து என்று பொருள்படும் ஆங்கில ‘ஸாட்டிஸ்ஃபை’ (satisfy) அதன் வழி வந்தது. எல்லாம் ஒரே குடும்பம். சடைவுக்கு அங்கே இடமில்லை.

நிறைவு எப்படித் துயரமானது? தெவிட்டித்தான். நிறைந்தால் சலிக்கும், கனக்கும். கனத்தது லேசில் அசையாது. அதனால் இடைக்காலத்தில் இச்சொல் உறுதியையும் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் எழுதிய கான்டர்பரி கதைகளில் கிரிசெல்டா என்ற ஏழைப்பெண் வருகிறாள். அவள் பொறுமையைச் சோதிக்க, பெற்ற பிள்ளைகளையே பறித்துக்கொண்டு போகச் சொல்கிறான் பிரபுவான கணவன். அவள் சுவரைப்போல ‘ஸேட்’டாக இருந்தாள் என்கிறார் சாஸர். இன்று படிப்பவர் அதைச் சோகம் என்றே எடுத்துக்கொள்வார். சுவருக்கு ஏது சோகம்? அவள் கலங்காமல் நின்றாள் என்கிறார். இப்படி ஒரு சொல்லின் பழம்பொருள் தெரியாமல் போனால் ஒரு பாத்திரமே நமக்குத் தப்பிப்போகிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

ஷேக்ஸ்பியரிடம் இரண்டு பொருளும் உண்டு. ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் முதல் வரியில் அன்டோனியோ, தனக்கு ஏன் இந்த வருத்தம் என்றே தெரியவில்லை என்கிறான். அது நம் காலத்து ‘ஸேட்’. வேறொரு நாடகத்தில் பெனடிக், ஒளிந்திருந்து நண்பர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, பேச்சு ‘ஸேட்லி’ நடந்தது என்கிறான். விளையாட்டில்லை, மெய்யாகத்தான் பேசுகிறார்கள் என்று நம்பிவிடுகிறான்.

கனம் என்ற பொருளும் எளிதில் போய்விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அடுப்பில் சூடேற்றித் துணி தேய்த்த கெட்டி இரும்புக்கு ‘ஸேட் அயர்ன்’ என்றே பெயர்.

சடைவு நல்ல சொல். அதன் வேரைத் தமிழிலேயே தேடலாம். வகுப்பில் ‘ஸேட்’, ‘ஸாட்டிஸ்ஃபை’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு, இவற்றுக்குள் என்ன உறவு இருக்கும் என்று பிள்ளைகளையே கேட்டுப்பாருங்கள். பிறகு கிரிசெல்டாவின் கதையைச் சொல்லுங்கள்.