சங்கம் இருக்கும் வீடா, இல்லாத வீடா?

கேள்வி: டெக்ஸாஸில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வாடகைக்கு இருக்கிறோம். வாங்குவதற்கு இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, எட்டு வருடத்துக்கு முன்னால் கட்டிய கம்யூனிட்டியில் இருக்கிறது. நீச்சல் குளம், பூங்கா எல்லாம் உண்டு. ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணம் வருடத்துக்கு 1,200 டாலர். இன்னொன்று, பிளேனோவில் 1980களில் கட்டிய வீடு. ஹெச்.ஓ.ஏ. கிடையாது. குப்பைத் தொட்டியை ஒரு நாள் கூடுதலாக வெளியே வைத்ததற்குத் தோழிக்கு நோட்டீஸ் வந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம். வாசலில் தோரணமும் கோலமும் போட விடுவார்களா? பின்புறத்தில் முருங்கையும் அவரைப் பந்தலும் வைக்கலாமா? மாமனார், மாமியார் வந்தால் மூன்றாவது கார் வரும். ஐந்து வருடம் கழித்து வேறு ஊருக்குப் போனால் வீட்டை வாடகைக்கு விட நினைக்கிறோம். எதை எடுப்பது? பணம் கட்டாவிட்டால் வீட்டையே எடுத்துக்கொள்வார்கள் என்பது உண்மையா?
— ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். உண்மைதான். ஆனால் எந்தப் பணம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டெவலப்பர் முதல் வீட்டை விற்பதற்கு முன்பே 'டெக்ளரேஷன்' என்ற சங்க விதி ஆவணத்தைக் கவுண்டியில் பதிவு செய்துவிடுவார். வீடு எத்தனை கை மாறினாலும் அது நிலத்தோடு கூடவே வரும். நீங்கள் தனியாக எதிலும் சேர வேண்டியதில்லை. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய அன்றே உறுப்பினர் ஆகிவிடுவீர்கள், விலக வழி கிடையாது. கட்டணப் பாக்கிக்கு வீட்டையே ஈடாகப் பிடிக்கும் (லீன்) உரிமையையும் அந்த ஆவணம் சங்கத்துக்குக் கொடுத்திருக்கும். குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்களிடமிருந்து காப்பதில் டெக்ஸாஸின் ஹோம்ஸ்டெட் சட்டம் கெட்டியானது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பே பதிவான டெக்ளரேஷனின் முன் அந்தப் பாதுகாப்பு நிற்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1987-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

ஆனால் அபராதம் வேறு, கட்டணம் வேறு. பாக்கி முழுக்க அபராதமும் அதைச் சார்ந்த வக்கீல் செலவும் மட்டும்தான் என்றால் அதற்காக வீட்டை ஏலம் விட டெக்ஸாஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயம் இடம் கொடுக்கவில்லை. ஆண்டுக் கட்டணம் பாக்கி என்றால் விடலாம். அநியாயமான நோட்டீஸ் வந்த கோபத்தில் ஆண்டுக் கட்டணத்தை நிறுத்தி வைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஏலம் விட முடியாத ஒரு சண்டையை அவர்களே ஏலம் விடக்கூடிய கடனாக மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். 1,200 டாலர் பாக்கியின் மேல் தாமதக் கட்டணமும் வக்கீல் செலவும் ஏறினால் பல மடங்காக வளர நாளாகாது. சண்டையை எழுத்தில் போடுங்கள், கட்டணத்தைத் தேதி தவறாமல் கட்டுங்கள். கையில் பணம் இல்லாத நிலை வந்தால் தவணை கேளுங்கள். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் குறைந்தது மூன்று மாதத் தவணைக்கு வழி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

தோழிக்கு வந்த நோட்டீஸைப் பற்றி. அபராதம் போடுவதற்கு முன் சங்கம் சான்றிட்ட தபாலில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். சரிசெய்துகொள்ள நியாயமான அவகாசமும் தர வேண்டும். அதற்குள் சரிசெய்தால் அபராதம் இல்லை. ஆனால் அதே தவற்றுக்கு முந்தைய ஆறு மாதத்தில் ஏற்கெனவே நோட்டீஸும் அவகாசமும் கொடுத்திருந்தால் மறுபடி அவகாசம் தர வேண்டியதில்லை. மறதியால் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தடவையில்தான் மாட்டுகிறார்கள். தவறு உங்களுடையது இல்லை என்று நினைத்தால், நோட்டீஸ் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் போர்டின் (சங்க நிர்வாகக் குழுவின்) முன் விசாரணை வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். விசாரணையில் காட்டப்போகும் படங்களையும் காகிதங்களையும் 10 நாள் முன்னதாக அவர்கள் உங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். நோட்டீஸ் வந்த அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, சரிசெய்த பிறகு இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் பெரும்பாலான விவகாரங்கள் அதோடு முடிந்துவிடும். தொலைபேசியில் பேசி முடித்ததாக நினைக்காதீர்கள். அதற்குச் சாட்சி இருக்காது.

இனி தோரணம். 2011-இல் வந்த சட்டம் வாசற்கதவில் 25 சதுர அங்குலத்துக்குள் அடங்கும் சமயப் பொருளுக்கு மட்டுமே பாதுகாப்பு தந்தது. மாவிலைத் தோரணம் அந்த அளவில் அடங்காது. 2021-இல் சட்டத்தைத் திருத்தி அந்த அளவை எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் உங்கள் மனையிலும் உண்மையான சமய நம்பிக்கையால் வைக்கும் பொருளைச் சங்கம் தடுக்க முடியாது. பொதுப் பாதுகாப்புக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. எல்லைக் கோட்டைத் தாண்டியோ பொது இடத்திலோ தெருவிளக்குக் கம்பத்திலோ வைக்கக் கூடாது. ஆக, தோரணம், வேல், நிலைக்கு மேலே பிள்ளையார், துளசி மாடம் எதற்கும் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. மாடத்தைச் சிமென்ட் போட்டு நிரந்தரமாகக் கட்டுவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கோலமாவில் போடும் கோலம் மழையில் போய்விடும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டிரைவ்வேயில் பெயின்டால் போட்டால் அது வெளித்தோற்ற மாற்றம், அனுமதி வேண்டும்.

பந்தல்தான் நீங்கள் எதிர்பாராத இடத்தில் இடறும். முருங்கை வெறும் மரம்தான். அவரைப் பந்தலோ கம்பு நட்டுக் கட்டுவதால், பல ஆவணங்களின் பார்வையில் ஒரு கட்டுமானம். பின்புற வேலி பெரும்பாலும் ஆறடி. அதற்குக் கீழே இருக்கும் வரை யார் கண்ணிலும் படாது, ஏழடிப் பந்தல் தெருவிலிருந்தே தெரியும். டெக்ஸாஸ் வெயிலில் முருங்கை ஒரே கோடையில் வேலியைத் தாண்டிவிடும். வட டெக்ஸாஸ் உறைபனியில் மேற்பகுதி கருகும், அப்போது வெட்டிவிட்டால் வேரிலிருந்து மறுபடி தழைக்க வாய்ப்புண்டு. காய்ந்த கிளைகளை நிற்க விட்டால் அதுவே ஒரு நோட்டீஸுக்குக் காரணமாகும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள், குளிர்காலத்தில் எப்படியும் உள்ளே எடுக்க வேண்டும். மழைநீர்ப் பீப்பாய், மட்குரக் குழி, வறட்சி தாங்கும் செடிகள் ஆகியவற்றை டெக்ஸாஸில் சங்கம் அடியோடு தடுக்க முடியாது. எங்கே, எப்படி வைப்பது என்று நிபந்தனை போடலாம்.

பந்தல், ஷெட், வேலி, பெயின்ட், பேட்டியோ கூரை எதுவானாலும் வழி ஒன்றுதான். வெளித்தோற்ற மாற்றங்களுக்கு அனுமதி தரும் ஆர்க்கிடெக்சுரல் கமிட்டியின் படிவத்தோடு நான்கு விஷயங்களைச் சேர்த்துக் கொடுங்கள்: வீடு வாங்கும்போது கிடைத்த சர்வே வரைபடத்தில் இடத்தைக் குறித்த நகல், நீள அகல உயரம், என்ன பொருள், பெயின்டாக இருந்தால் கம்பெனியின் வண்ண எண். 'வெளிர் பழுப்பு' என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். எழுத்தில் அனுமதி வரும்வரை ஆளை வரச்சொல்லாதீர்கள். மறுத்தால் காரணத்தையும், எதை மாற்றினால் ஒப்புக்கொள்வார்கள் என்பதையும் அவர்கள் எழுதித் தர வேண்டும். 30 நாளுக்குள் போர்டிடம் முறையிடலாம். சோலார் தகடுகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கூரையில் இன்ன பக்கம்தான் என்று சங்கம் காட்டலாம். நீங்கள் கேட்கும் பக்கத்தில் வருட மின் உற்பத்தி 10 சதவீதத்துக்கு மேல் கூடும் என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம்தான். டெவலப்பர் இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கும் கம்யூனிட்டிகளில் மட்டும் இந்த உரிமை பலவீனம்.

மூன்றாவது கார் விஷயத்தில், தெரு நகராட்சியுடையதா சங்கத்துடையதா என்று முதலில் பாருங்கள். கேட் போட்ட கம்யூனிட்டி என்றால் தெரு பெரும்பாலும் சங்கத்துக்குச் சொந்தம். அங்கே பார்க்கிங் விதியும் அவர்களுடையதே, தார் போடும் செலவும் உங்கள் எல்லோருடையதே.

இப்போது எங்கள் பார்வையில் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குப்பைத் தொட்டி நோட்டீஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சங்கத்தின் கையிருப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. குடும்பங்களின் தலையில் திடீரென்று பெரிய தொகை விழுவது அங்கிருந்துதான். டெவலப்பர் கையில் போர்டு இருக்கும் வருடங்களில், வீடு விற்க வேண்டுமே என்று கட்டணத்தைக் குறைவாக வைத்திருப்பது வழக்கம். குளம் புதிது, வேலி புதிது, செலவும் இல்லை. பத்து வருடம் நெருங்கும்போது குளத்துக்கு மறுபூச்சு, மோட்டார், பூங்காவின் விளையாட்டுச் சாதனம் என ஒவ்வொன்றாக வரும். 300 வீடுகள் உள்ள கம்யூனிட்டியில் 6 லட்சம் டாலர் வேலைக்கு 60,000 டாலர்தான் ரிசர்வில் (கையிருப்பில்) இருக்கிறது என்று வையுங்கள். மீதி 5,40,000-ஐப் பிரித்தால் வீட்டுக்கு 1,800 டாலர், ஆண்டுக் கட்டணத்துக்கு மேலே. இதற்குப் பெயர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். நீங்கள் பார்க்கும் கம்யூனிட்டிக்கு வயது எட்டு என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்.

அடுக்குமாடி காண்டோக்களில் இது உயிர்ப் பிரச்சினையே. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று 98 பேரைப் பலிகொண்டு இடிந்த கட்டடத்தில், பழுது பார்க்க சுமார் 1.5 கோடி டாலர் அசெஸ்மென்டுக்கு அந்த ஏப்ரலில்தான் ஒப்புதல் ஆகியிருந்தது. பல வருடத் தள்ளிப்போடலுக்குப் பிறகு வந்த ஒப்புதல் அது. தனிவீட்டில் அந்த அபாயம் இல்லை, பணப் பாரம் மட்டும் உண்டு.

கையிருப்பைத் தெரிந்துகொள்ள ஒரே நம்பகமான காகிதம், விற்பனைக்கு வரும் வீட்டுக்காகச் சங்கம் தரும் ரீசேல் சர்ட்டிஃபிகேட். டெக்ஸாஸில் சங்கம் இதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அதில் பட்ஜெட், இருப்பு நிலைக் கணக்கு, ரிசர்வ் தொகை, ஒப்புதலாகிவிட்ட ஸ்பெஷல் அசெஸ்மென்ட், நடக்கும் வழக்குகள் எல்லாம் இருக்கும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே இருக்கும் விதிமீறல்களும் இருக்கும். இந்தக் கடைசி வரியைத் தவறவிடாதீர்கள். விற்பவர் அனுமதி வாங்காமல் போட்ட ஷெட்டை நாளைக்கு உங்கள் செலவில் பிரிக்கச் சொல்வார்கள். ரிசர்வ் ஸ்டடி, அதாவது வரப்போகும் பழுதுகளுக்கு எவ்வளவு சேர்த்திருக்க வேண்டும் என்ற மதிப்பீடு, இருக்கிறதா என்றும் கேளுங்கள். தேவையான தொகையில் 70 சதவீதமாவது சேர்த்திருந்தால் நல்ல நிலை, 30-க்குக் கீழே போனால் ஆபத்து என்று இத்துறையில் கணக்கு வைப்பார்கள். கூடவே கடைசி ஒரு வருட போர்டு மினிட்ஸையும் (கூட்டக் குறிப்புகளையும்) கேட்டு வாங்குங்கள். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது அதில் நாலு பக்கம் படித்தாலே புரியும்.

உங்கள் ஐந்து வருடத் திட்டத்துக்கு இன்னொரு இடமும் இருக்கிறது. டெக்ளரேஷனில் 'லீசிங்' என்ற தலைப்பைத் தேடுங்கள். குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம், வாங்கி இத்தனை காலம் குடியிருந்த பிறகே வாடகைக்கு விடலாம் என்ற நிபந்தனை, மொத்தத்தில் இத்தனை வீடுகளே வாடகையில் இருக்கலாம் என்ற உச்சவரம்பு என மூன்றில் எதுவும் இருக்கலாம். உச்சவரம்பு இருந்தால், நீங்கள் கிளம்பும் வருடத்தில் இடம் இல்லாமல் போகலாம். அது தொங்கிக்கொண்டிருக்கும் வீட்டை உங்கள் நிலையில் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நம்பாதீர்கள். ஆவணம் அதைவிடக் குறைவான அளவைச் சொல்லாதவரை டெக்ளரேஷனைத் திருத்த மொத்த வாக்குகளில் 67 சதவீதம் வேண்டும்.

பிளேனோ வீட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விதியே இல்லை என்று எண்ண வேண்டாம். புல் வளர்வது, ஓடாத காரை நிறுத்துவது போன்றவற்றை நகராட்சியின் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் பார்க்கும். சங்கம் இல்லாத மனைகளிலும் பழைய டீட் கட்டுப்பாடுகள் பதிவில் இருக்கலாம். டைட்டில் கம்பெனியிடமிருந்து டைட்டில் கமிட்மென்ட் (சொத்துரிமை ஆய்வு ஆவணம்) வரும்போது அதன் 'ஷெட்யூல் பி'-இல் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைச் சாயவிட்டால் நீங்களே போய்ப் பேச வேண்டும். 1980களின் வீடு என்பதால் அஸ்திவாரத்தையும் பூமிக்கடியில் போகும் கழிவுநீர்க் குழாயையும் தனியாகச் சோதியுங்கள். வருடம் மிச்சமாகும் 1,200 டாலரை அந்தக் குழாய் ஒரே தடவையில் விழுங்கிவிடும்.

எங்கள் தீர்ப்பு: பிள்ளைகள் குளத்தையும் பூங்காவையும் உண்மையிலேயே வாரத்தில் பல நாள் பயன்படுத்துவார்கள் என்றால், வாடகைக்கு உச்சவரம்பு இல்லையென்றால், ரிசர்வும் திடமாக இருந்தால் ஃபிரிஸ்கோ வீட்டைத் தைரியமாக எடுக்கலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் பிளேனோ வீட்டையே எடுப்போம். புதுக் கம்யூனிட்டிகளையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மட் டாக்ஸும் (குடிநீர், கழிவுநீர் வசதிக்கான தனி வட்டார வரி) பி.ஐ.டி. கட்டணமும் (பொது வசதி மேம்பாட்டு வட்டாரக் கட்டணம்) ஹெச்.ஓ.ஏ.வுக்கு வெளியே தனியாக வருபவை என்பதை மறக்காதீர்கள்.

ஆஃபர் போடும்போது ஏஜென்டிடம் இதைச் சொல்லுங்கள்: கட்டாய உறுப்பினர் வீடுகளுக்கான டிரெக் (டெக்ஸாஸ் ரியல் எஸ்டேட் ஆணையம்) இணைப்புப் படிவத்தில், சங்க ஆவணங்களை விற்பவரே தர வேண்டும் என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால் ஆவணங்கள் கைக்கு வந்த 3 நாளுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம், எர்னெஸ்ட் மணி (முன்பணம்) திரும்பி வரும். ஆவணம் வேண்டாம் என்ற கட்டத்தை அவசரத்தில் குறித்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். பில்டரிடமே நேரடியாக வாங்கினால் அவர்களுடைய சொந்த ஒப்பந்தம் இருக்கும், இந்தப் பாதுகாப்பு அதில் தானாக வராது. குறைந்தது 60 மனைகள் உள்ள சங்கம் தன் ஆவணங்களைத் தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதால், ஆஃபருக்கு முன்பே இன்று இரவு டெக்ளரேஷனைத் தேடி எடுத்து 'லீசிங்' பக்கத்தைப் படித்துவிடுங்கள்.