தேர்தல் விவாதத்தில் இனப் பேச்சு வந்தால் நாகரிகம் ஏன் குறைகிறது?

விவாத மேடையில் அநாகரிகம் என்பது, எதிராளியின் கருத்தை விட்டுவிட்டு ஆளை இழிவுபடுத்துவதும் அவரைப் பேசி முடிக்க விடாததும் ஆகும். இனம் பற்றிய கேள்வியில் இது கூடுவதற்குக் காரணம், பதில் சொல்வதைவிடத் தாம் யார் பக்கம் என்று ஆதரவாளர்களுக்குக் காட்டுவதே வேட்பாளருக்கு ஆதாயம் என்பதுதான்.

கோத்தகிரியில் பசுந்தேயிலை விலைக் கூட்டத்தில், கிலோவுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பவரிடம் "நீங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்தானே" என்று ஒருவர் குறுக்கிட்டால், விலைப் பேச்சு அத்தோடு போயிற்று.

2020 செப்டம்பர் 29 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக டிரம்பும் பைடனும் மோதிய கிளீவ்லாந்து விவாதத்தில், வெள்ளையின மேலாதிக்கவாதிகளைக் கண்டிப்பீர்களா என்று டிரம்பிடம் கேட்கப்பட்ட கேள்வியும் குறுக்குப் பேச்சில் சிக்கியது. அக்டோபர் 22 விவாதத்தில், ஒவ்வொரு தலைப்பிலும் ஒருவரின் தொடக்க இரண்டு நிமிடங்களில் மற்றவரின் மைக்கை அணைத்தார்கள் (தாமதமான வைத்தியம்தான்).

குரலை உயர்த்துவதே அநாகரிகம் என்று பலர் எண்ணினாலும், பாகுபாட்டைக் கடுமையாகச் சாடுவது அதில் சேராது, மென்குரலில் ஒரு சமூகத்தையே தாழ்த்துவது சேரும்.