அந்த முடிவை எடுக்கும்போது யாரைக் கேட்டார்கள்?

விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களில் பைத்தியமாக இருக்கிறவர்கள் வன்னியில் கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று அங்கங்கே சிதறிக் கிடக்கிறோம். கேள்விகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் என் தலையில்தான் விழும். மற்றவர்களைவிட அதிகம் பார்த்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை “அவர் செய்தது சரியா?” என்ற கேள்விகள். கதை முடிவுகளை எல்லாம் போட்டுடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசன் முடிவில் மார்க் செய்தது பச்சைத் துரோகம் இல்லையா? மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கதறுகிறாள், இவர் அலுவலகக் காதலி ஹெலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்.

எந்த மார்க், தம்பி? 2025 மார்ச்சில் வந்த அந்தப் 10வது எபிசோட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். மனைவி ஜெமா இறந்துவிட்டாள் என்று நம்பி, வேலை நேரத்திலாவது அந்தத் துக்கத்தை மறப்பதற்காக மூளையில் சில்லு வைத்துக்கொண்டவர் வெளி மார்க். அந்தச் சில்லு அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டது. அலுவலகத்துக்குள் மட்டும் விழித்திருக்கும் உள் மார்க்குக்கு வீடு தெரியாது, விடுமுறை தெரியாது. கலியாணம் கட்டியதும் அவன் இல்லை.

அந்த மரக்குடிலில் இரண்டு பேரும் வீடியோக் கமராவில் மாறி மாறிப் பேசும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். உயிரோடு உள்ளே அடைபட்டிருக்கும் ஜெமாவை மீட்டுத் தரச் சொல்லி வெளி மார்க் மன்னிப்புக் கேட்கிறார், வாக்குக் கொடுக்கிறார், எல்லாம் சரி. ஆனால் ஹெலியின் பெயரை ‘ஹெலனி’ என்று சொல்லிவிடுகிறார். அந்த இடத்தில் உள் மார்க்கின் முகம் மாறும். தன் உயிரைக் கேட்கிற மனிதனுக்குத் தன் காதலியின் பெயர்கூடத் தெரியாது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்குகிறது. அப்படியிருந்தும் ஜெமாவைக் கதவு வரை கொண்டுவந்து வெளியே தள்ளி விடுகிறான். கேட்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான். அதற்கு மேல் தானும் கதவைத் தாண்டி இல்லாமல் போக வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

கோபப்படுவதானால் ஜெமாவுக்காகக் கோபப்படுங்கள். இந்தக் கதையில் அவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

அதே வீட்டிலிருந்து தங்கச்சி: உள்ளே நின்று அவன் என்னத்தைக் கண்டான்?

சில நிமிடங்கள். கூடினால் சில நாட்கள். அவனுக்கு அதற்கு முன்பும் அவ்வளவுதானே இருந்தது.

முழங்காவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா: பிள்ளை, ‘ப்ளூரிபஸ்’ பார்த்தேன். போர் இல்லை, களவு இல்லை, பொய் இல்லை. உலகமே ஒரே மனமாகிவிட்டது. அந்தக் கரோலுக்கு என்ன குறை? அணுகுண்டு எதற்கு? என்னைக் கேட்டால் நான் சேர்ந்துவிடுவேன்.

உங்களைக் கேட்டால் என்கிறீர்களே ஐயா, அங்கேதான் சிக்கல். யாரையும் கேட்கவில்லை. விண்ணிலிருந்து வந்த செய்தியில் இருந்த ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருளை ஆய்வுகூடத்தில் கட்டிப் பார்த்தார்கள், அது பரவியது, ஒரே இரவில் முடிந்தது. அந்த இரவில் செத்தவர்கள் 88 கோடிக்கு மேல். கரோலின் துணை ஹெலன் அதில் ஒருத்தி. அந்த ஒரே மனத்தில் சேராமல் தப்பிய 13 பேரில் கரோல் ஒருத்தி.

ஆனாலும் உங்கள் ஆசையை நான் தள்ளிவிட மாட்டேன். இத்தனை இழப்பைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு, சண்டையே இல்லாத உலகத்தைப் பார்த்து வாய் ஊறாதவர் யார்? தொடரின் கெட்டித்தனமே அதுதான். ஒரே மனமான அந்தக் கூட்டம் கெட்டது இல்லை. அன்பானது, எறும்பைக்கூட மிதிக்காதது. கரோலையும் தன்னோடு சேர்ப்பதற்காக உடம்பில் ஊசி குத்திக் கலம் எடுக்க அவள் சம்மதம் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறது. பிறகு, அவள் முன்பொரு காலம் உறையவைத்த கருமுட்டைகளை எடுத்து அதே வேலையைத் தொடங்குகிறது. “உன்னில் அன்பு இருப்பதால்தான்” என்கிறது. அவள் அணுகுண்டோடு வீட்டுக்கு வந்தது அதைக் கேட்ட பிறகு. குண்டு சரியான விடை என்று சொல்லவில்லை. கோபம் சரியானது.

எனக்குப் பிடித்தவர் பராகுவேக்காரர் மனூசோஸ். கூட்டம் கொண்டுவரும் சாப்பாட்டைத் தொடமாட்டார். ஆளில்லாத காரிலிருந்து பெற்றோல் இழுத்தாலும் கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே காசு வைத்துவிட்டுத்தான் போவார். அந்தக் காசை எடுக்க உலகத்தில் ஆளே இல்லை, ஆனாலும் வைப்பார். இப்படி ஒரு வறட்டுப் பிடிவாதக்காரர் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருக்கிறார்.

மாங்குளத்திலிருந்து உயர்தர மாணவி: ரீச்சர், அந்தச் செய்தி 600 ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்தது என்கிறார்கள். அனுப்பியவர்களுக்கு நாங்கள் இருப்பது எப்படித் தெரியும்?

தெரியாது, பிள்ளை. ஒளி வேகத்தில் வந்தாலும் 600 வருடம். அது புறப்படும்போது நல்லூரில் அரசர் இருந்தார், கோட்டை இராச்சியத்தின் செண்பகப் பெருமாள் படையெடுத்து வரவே இல்லை (அது 1450). வானொலி கேட்க ஒரு மனிதன்கூடப் பூமியில் இல்லை. யாராவது கேட்கட்டும் என்று வீசியிருப்பார்கள். நான்கு விதமான ஒலி, ஆர்.என்.ஏ.யின் நான்கு மூலங்களுக்கு ஒவ்வொன்றாக. விஞ்ஞானமாகப் பார்த்தால் செய்தி அனுப்புவது கப்பல் அனுப்புவதைவிடப் பல மடங்கு மலிவு, அதனால் அந்தப் பகுதியை நம்பலாம். ஒரே மனமாக இணைவது எந்த அலையில் எப்படி என்பதெல்லாம் கதைக்காக விட்டுக்கொடுக்க வேண்டிய இடம்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு குறும்புக்காரர்: மரத்திலிருந்து அப்பிள்கூடப் பறிக்காத கூட்டம் பாலைப்பழக் காலத்தில் இங்கே வந்தால்?

விழுந்ததைப் பொறுக்கலாம். கொப்பு வெட்ட முடியாது. குரங்கோடு போட்டி போடவும் முடியாது. பத்து வருடத்தில் பட்டினி என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள், இங்கே அதற்கு முந்தியே முடிந்துவிடும்.

முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா: ஸ்டார் வோர்ஸ் உலகத்து ‘ஆண்டோர்’ இரண்டாம் சீசனில் கோர்மன் சதுக்கத்துப் படுகொலையை அம்மாவால் பார்க்க முடியவில்லை, எழுந்து போய்விட்டார். அதைக் காட்டத்தான் வேண்டுமா?

அம்மா எழுந்து போனது சரி அக்கா. அவரை இருத்தி வைத்துக் காட்டாதீர்கள். அந்த எபிசோட்டுகள் வந்தது 2025 மே முதல் வாரத்தில். இங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு ஆயத்தமாகும் நாட்கள். தயாரித்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் பார்த்த எங்களுக்கு அப்படித்தான் வந்து விழுந்தது.

காட்ட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், காட்டிய முறைக்காக. அந்த மண்ணுக்கு அடியிலுள்ள கனிமம் பேரரசுக்கு வேண்டும். மக்களைச் சதுக்கத்துக்குள் விட்டு அடைக்கிறார்கள். தங்கள் படையின் அனுபவமில்லாத இளம் பெடியன் ஒருவனைத் தாங்களே சுட்டு, அதைச் சாட்டாக வைத்துத் தொடங்குகிறார்கள். செய்தி வாசிப்பவர்களின் வாயில் பழி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அடுத்த எபிசோட்டில் மொன் மொத்மா செனற் சபையில் எழுந்து, நடந்தது இனப்படுகொலை என்று பெயர் சொல்கிறாள். ஒளிபரப்பை அறுக்க ஓடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொன்ன கணத்திலிருந்து அவள் ஊருக்குத் திரும்ப முடியாத ஆள்.

அவளும் சுத்தத் தங்கம் இல்லை. காசுச் சிக்கலை மறைக்க மகளைச் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்தவள். “வேண்டாம் என்றால் இப்போதும் நிறுத்தலாம்” என்று மகளைக் கேட்கிறாள்தான், ஆனால் கலியாணம் நடக்கப்போகும் நேரத்தில். அந்த நேரத்தில் கேட்பது கேள்வியா?

மல்லாவியிலிருந்து: லூதன் வீரனா, கொலைகாரனா?

இரண்டும். ‘ஆண்டோர்’ கதையில் பேரரசுக்கு எதிரான கிளர்ச்சியை மறைவில் நடத்துகிறவர் அவர். முதல் சீசனில் ஓர் ஒற்றனைக் காப்பாற்ற 30 பேரைச் சாகவிட்டார். இரண்டாம் சீசனில், பேரரசின் பேராயுதமான மரண நட்சத்திரம் பற்றிய மிகப் பெரிய தகவலைக் கொண்டுவந்த அதே ஒற்றன் லொனியைத் தானே கொல்கிறார். அவனுக்கு மனைவியும் சிறு மகளும் உண்டு. வெற்றி வந்தாலும் அந்த 30 வீடுகளுக்கு யார் போய்ப் பதில் சொல்வது? தன்னையும் அதே கணக்கில் வைத்துக் கத்தியைத் தனக்கே இறக்கிக்கொண்டார் என்பதற்காக மரியாதை வைக்கிறேன். அதனால் லொனியின் கணக்கு தீராது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி: ‘ஆண்டோர்’ நாயகன் காசியனைக் காதலி பிக்ஸ் விட்டுப் போனது தியாகம்தானே?

தியாகம்தான், ஆனால் பாதி காசியனுடையது. அவன் போராட்டத்தில் நிற்க வேண்டும் என்று அவளே தீர்மானித்து, பதிவு செய்த ஒரு செய்தியை வைத்துவிட்டுப் போகிறாள். கடைசிக் காட்சியில் அவள் கையில் குழந்தை. காசியனுக்கு அது தெரியவே வராது. என் தோழிகள் எல்லோரும் பிக்ஸ் பக்கம், நான் மட்டும் காசியன் பக்கம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வவுனியாவிலிருந்து: ‘டொக்டர் ஹூ’வில் டொக்டர் ஒரு குழந்தைக்காகத் தன் உருவத்தையே விட்டுக்கொடுத்தாரே, அதிலுமா குறை சொல்வீர்கள்?

சொல்வேன். 2025 மே 31 எபிசோட்டில் பொப்பி என்ற குழந்தை காணாமல் போகிறது. அவளை மீட்க டொக்டர் தன் உயிர்ச்சக்தியைக் கொடுத்து உலகத்தையே கொஞ்சம் திருப்புகிறார். அழகான காரியம். ஆனால் திரும்பிய உலகத்தில் அவரோடு பயணம் செய்த பெலிண்டா திடீரென்று தாய். முதல் எபிசோட்டிலிருந்து வேலைக்குத் திரும்ப வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்த தாதி, கேட்காமலேயே புது நினைவுகளோடு நிற்கிறாள். டொக்டர் தன்னுடையதைக் கொடுத்தார், சரி. அவளுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். (பெலிண்டாவாக நடித்த வரதா சேதுதான் ‘ஆண்டோர்’ தொடரில் சிந்தா என்ற போராளி. ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் இரண்டு தொடரிலும் அவருக்காகக் கோபப்பட வேண்டியதாயிற்று.)

துணுக்காயிலிருந்து புதியவர் ஒருவர்: நான் இதில் ஒன்றும் பார்த்ததில்லை. எதில் தொடங்க?

‘ஆண்டோர்’ முதல் சீசன், 2022இல் வந்தது, 12 எபிசோட். ஸ்டார் வோர்ஸ் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. முதல் இரண்டு எபிசோட் மாட்டுவண்டிப் பயணம், மூன்றாவதற்குப் பிறகு எழும்ப மாட்டீர்கள். 8 முதல் 10 வரை சிறைக் கதை. அதில் கீனோ லோய் என்று ஒரு மேற்பார்வைக் கைதி. ஆயிரக்கணக்கானவர்களைத் தட்டியெழுப்பிக் கடல் விளிம்புவரை கூட்டி வருகிறான். அங்கே நின்றுதான் தனக்கு நீந்தத் தெரியாது என்கிறான். முதல் நாளே அவனுக்கு அது தெரியும். டேட்டா குறைவாக இருந்தால் அந்த மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்கும் நாளுக்கு மிச்சம் பிடித்து வையுங்கள். நடுவில் நின்றால் நித்திரை வராது.