வான்வழிப் படங்களை வைத்து ஒரு காப்புக்காட்டின் தாவர வரைபடத்தை எப்படித் தயாரிக்கிறார்கள்?
படத்தைப் பார்த்ததும் மரத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்த படங்கள் சுமார் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுப்பார்கள். அந்த இரண்டையும், கண்ணுக்கு ஒரு படமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியில் சேர்த்துப் பார்த்தால் காடு முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். எது மரம், எது புதர் என்று அப்போதுதான் பிடிபடும்.

அடுத்த துப்பு நிறம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் அகச்சிவப்பு வண்ணப் படத்தில் செழிப்பான அகன்ற இலை மரங்கள் பளிச்சென்று சிவப்பாக இருக்கும், ஊசியிலை மரங்கள் கொஞ்சம் கறுத்துத் தெரியும். புல்வெளி வழவழப்பாகவும் மரக்கூட்டம் சொரசொரப்பாகவும் இருக்கும். ஒரே மாதிரி தெரியும் திட்டுகளைச் சுற்றிக் கோடு போட்டு ஜிஐஎஸ் எனப்படும் வரைபடத் தகவல் மென்பொருளில் ஏற்றுவார்கள்.

ஆனால், களத்துக்குப் போகாமல் எதுவும் நம்பும்படி இருக்காது. மாதிரித் திட்டுகளில் எந்த இனம் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று நேரில் பதிவு செய்து, அதை வைத்துத்தான் வகைகளுக்குப் பெயர் வைப்பார்கள். வரைபடம் முடிந்தபின் துல்லியத்தை வேறு இடங்களில் சோதிக்க வேண்டும். பழைய இடங்களிலேயே சோதித்தால் மதிப்பெண் நன்றாகத்தான் வரும், பயன் என்ன?

மரங்களின் உச்சி இலைகள் சேர்ந்து கூரைபோல் அமையும் விதானத்துக்குக் கீழே வளரும் செடிகள் படத்தில் விழாது. இலையுதிர் காடு என்றால், எந்த மாதத்தில் எடுத்த படம் என்பதையும் கட்டாயம் பாருங்கள்.