மர்ஃபிகள் அனைவரும் ஒரே வம்சமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் அயர்லாந்தின் கார்க் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அவளுடைய வார்டில் மட்டும் மர்ஃபி என்ற பெயருடையவர்கள் நான்கு பேர். அவள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரும் மர்ஃபி. ஆஸ்கர் விருது பெற்ற நடிகர் கிலியன் மர்ஃபியும் அந்த ஊர்க்காரர்தான் என்கிறாள். இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா? இப்பெயரின் பொருள் என்ன?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கார்க் நகரில் மர்ஃபி இல்லாத வார்டைத் தேடுவதுதான் கடினமாக இருக்கும். அயர்லாந்தின் மிகப் பரவலான குடும்பப் பெயர் இது. அந்நாட்டுக்குள்ளும் தென்மேற்கில் கார்க், தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்டு ஆகிய இரு மாவட்டங்களில் மிகுதியாக வழங்குகிறது. ஆனால் இப்பெயரைத் தாங்கியவர்கள் அனைவரும் ஒரு மூதாதையின் வழிவந்தவர்கள் அல்லர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியதால்தான் இப்பெயர் இவ்வளவு பெருகியது.

மர்ஃபி என்பது ஆங்கில எழுத்தர்களின் கையில் உருமாறிய வடிவம். ஐரிஷ் மொழியில் இது ஓ முரஹா. இன்றைய எழுத்துமுறையில் ஓ முரஹூ. பெயரின் கருவாக இருப்பது பழைய ஐரிஷ் ஆண்பெயர் ஒன்று. கடலைக் குறிக்கும் ‘முயிர்’ என்ற சொல்லும் போரைக் குறிக்கும் ‘கா’ என்ற சொல்லும் சேர்ந்து அமைந்ததால், கடற்போர் வீரன் என்று அதற்குப் பொருள் கூறுவர். இதை வைத்துக்கொண்டு, வைக்கிங்குகளைக் கடலில் எதிர்த்துப் போரிட்ட ஒரு வீரனின் பரம்பரை என்று கதை புனைவோர் உண்டு. வைக்கிங்குகள் அயர்லாந்தின் கரையில் முதன்முதலாகக் கொள்ளையிட்டது 795ஆம் ஆண்டில்; லெயின்ஸ்டர் பகுதியை ஆண்ட முரஹா என்ற மன்னர் இறந்ததோ 727ஆம் ஆண்டில். வைக்கிங்குகள் வருவதற்கு முன்பே இப்பெயர் அரச குடும்பங்களில் வழங்கிவந்தது என்பதற்கு இது ஒன்றே போதும். குழந்தைக்கு ‘வீரமணி’ என்று பெயரிட்டவர்கள் எல்லோரும் போர்க்களம் கண்டவர்கள் அல்லரே!

அக்காலத்தில் அயர்லாந்து மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. ‘மக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். நம்மிடையே இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதைப் போல, அங்கும் தந்தையின் பெயரோ பாட்டனின் பெயரோ ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிக்கொண்டிருந்தது. 10ஆம் நூற்றாண்டு முதல் அந்த மாற்றம் படிப்படியாக நின்றுபோய், ஏதோ ஒரு பாட்டனின் பெயரே குடும்பத்துக்கு நிலைத்துவிட்டது. கால்வே பகுதியில் 916ஆம் ஆண்டு இறந்த ஓ கிளேரி குலத் தலைவர் ஒருவரைப் பற்றிய குறிப்பையே இவ்வகைப் பெயருக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றாக எடுத்துக்காட்டுவார்கள். முரஹா என்பது அன்று நாடெங்கும் வழங்கிய பெயர் என்பதால், பெயர் உறைந்த அந்தக் காலத்தில் முரஹா என்ற பாட்டன் ஒரே ஊரில் மட்டும் இருக்கவில்லை. வெக்ஸ்ஃபோர்டில் ஒரு குலம், வடமேற்கே ஸ்லைகோ கரையோரத்தில் ஒன்று, வடக்கே டிரோன் பகுதியில் ‘மக்’ என்ற முன்னொட்டுடன் இன்னொன்று எனத் தனித்தனிக் கிளைகள் தோன்றின. டிரோன் கிளையினர் அங்கிருந்து விரட்டப்பட்டு ஆர்மா மாவட்டத்தின் தென்பகுதியில் குடியேறினார்கள்; அங்கு இன்றும் மர்ஃபிகள் ஏராளம்.

இவற்றுள் பெரியது வெக்ஸ்ஃபோர்டுக் குலம். அம்மாவட்டத்தின் கிழக்குக் கரையோரம் அவர்களுடைய ஆட்சிப் பகுதியாக இருந்தது. அதற்கு ‘மரோஸ்’ என்றே பெயர் வழங்கிற்று. கார்க் மாவட்டத்து மர்ஃபிகளும் இங்கிருந்து பிரிந்துபோன கிளையே என்பது அவர்களுடைய குலமரபு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இப்பெயரோடு தொடர்புடையவர்களில் வரலாற்றில் அதிகம் பேசப்படுபவர் லெயின்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோ. 1166இல் நாட்டை இழந்து, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டு நார்மன் படைகளை அயர்லாந்துக்குள் அழைத்துவந்தவர்; 1170இல் தம் மகள் ஈஃபாவை ‘ஸ்ட்ராங்போ’ என்று அழைக்கப்பட்ட நார்மன் பிரபுவுக்கு மணமுடித்துக் கொடுத்து, மறு ஆண்டே இறந்தவர். அவருடைய பாட்டனாரின் பெயர் முரஹா. ஆயினும் அவருடைய பிள்ளைகளின் வழிவந்தவர்கள் மர்ஃபி ஆகவில்லை. கவனா, கின்செல்லா என்ற வேறு பெயர்களைப் பெற்றார்கள். பெயர் ஒன்றாக இருந்தும் உறவில்லாதவர்கள் ஒரு பக்கம்; நெருங்கிய இரத்த உறவு இருந்தும் பெயர் வேறானவர்கள் மறு பக்கம்.

இதை அறிவியலும் உறுதி செய்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமை வைத்து, 43 குடும்பப் பெயர்களைக் கொண்ட 1,125 ஐரிஷ் ஆண்களின் மரபணுக்களை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொதுவாக, ஒரே பெயருடைய இருவரின் ஒய் குரோமோசோம் அமைப்பு ஒத்திருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 மடங்கு அதிகம். ஓ’சல்லிவன், ரையன் ஆகிய பெயர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மூதாதை இருந்திருக்கிறார். மர்ஃபி, கெல்லி ஆகியவற்றுக்கோ பல மூதாதையர். அவை இன்று இவ்வளவு பெருகியிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. ஆகவே உங்கள் மகளின் வார்டில் உள்ள நால்வர் கார்க்கிலேயே பல தலைமுறைகளாக வாழ்பவர்கள் என்றால் எங்கோ ஒரு தொலைவான உறவு இருக்கக்கூடும். பெயரை மட்டும் கொண்டு அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: ஓ’பிரையன், ஓ’கானர், ஓ’சல்லிவன் என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். ஓ’மர்ஃபி என்று யாரையும் கேள்விப்பட்டதில்லையே, ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்ல கவனிப்பு. ஆங்கில ஆட்சி அயர்லாந்தில் இறுக இறுக, ‘ஓ’வும் ‘மக்’கும் தாழ்வின் அடையாளங்களாகிவிட்டன. டப்ளினைச் சுற்றியிருந்த ஆங்கிலேயர் பகுதியில் வாழும் ஐரிஷ் மக்கள் ஊர், நிறம், தொழில் போன்றவற்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்களைச் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று 1465இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் நிலங்கள் பறிபோய், பழைய ஐரிஷ் பிரபுக்களின் செல்வாக்கு முற்றிலும் அழிந்த பிறகே, யாரும் கட்டாயப்படுத்தாமலேயே முன்னொட்டுகள் பெருமளவில் உதிர்ந்தன. பெயரும் ஆங்கில வாய்க்கு ஏற்றபடி ஓ மர்ச்சோ, மரோ, மார்ஃபி என்று பலவாறு எழுதப்பட்டு, தொண்டையிலிருந்து எழும் ஐரிஷ் ஹகர ஒலி இறுதியில் ‘ஃப்’ ஆக நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி இயக்கம் எழுந்து, அம்மொழியை வளர்க்க 1893இல் கேலிக் லீக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டபோது, பலர் இழந்த ‘ஓ’வை மீட்டுக்கொண்டார்கள். 1890இல் அரசுப் பட்டியலில் சல்லிவன் என்று இருந்தவர்களில் பெரும்பாலோர் இன்று ஓ’சல்லிவன்களாக இருப்பது அதனால்தான். மர்ஃபிகளும் கெல்லிகளும் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஐரிஷ் மொழியில் பெயரை எழுதும்போது தவறாமல் ஓ முரஹூ என்று எழுதுபவர்களே, ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஓ’வை விட்டுவிடுகிறார்கள். இதற்குத் தெளிவான காரணம் யாரும் சொன்னதில்லை; ‘மர்ஃபி’ என்ற உரு மூல வடிவத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதால் அதன்முன் ‘ஓ’ ஒட்டவில்லை என்பது என் ஊகம். வெக்ஸ்ஃபோர்டின் பழைய தலைமைக் குடும்பம் மட்டும் ‘மர்ஃபி’யையே கைவிட்டு ஓ’மர்ச்சோ என்ற பழைய வடிவத்துக்குத் திரும்பியது.

வரலாற்றில் ஓ’மர்ஃபி ஒருவர் உண்டு. அவரும் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். ஐரிஷ் வழிவந்த குடும்பத்தில் 1737இல் பிரான்ஸின் ரூவான் நகரில் பிறந்து, பதினைந்தாம் லூயி மன்னரின் காதற்கிழத்தியாக விளங்கிய மரி-லூயிஸ் ஓ’மர்ஃபிதான் அவர்.

பெண்களின் பெயர் ஐரிஷ் மொழியில் மேலும் மாறும். ‘ஓ’ என்பது ஆண் வழித்தோன்றலையே குறிப்பதால், மணமாகாத பெண் நீ வுரஹூ ஆகிறாள். மணமாகி வந்த மருமகள் இ வுரஹூ. மகரம் வகரமாவது அம்மொழியின் புணர்ச்சி விதி. பள்ளிப் பதிவேட்டில் அண்ணன் ஓ முரஹூ என்றும் தங்கை நீ வுரஹூ என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். இருவரும் மர்ஃபி வீட்டுப் பிள்ளைகளே.

கேள்வி: உலகில் மர்ஃபிகள் எத்தனை பேர்? அமெரிக்க நடிகர் எடி மர்ஃபிக்கு இப்பெயர் எப்படி வந்தது?
– வாசகர், திருச்சி

பதில்: அயர்லாந்தில் குடும்பப் பெயர்களை முறையாகக் கணக்கிட்ட முதல் முயற்சி, பின்னாளில் பதிவுத்துறைத் தலைவரான ராபர்ட் மாதிசனுடையது. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளிலிருந்து அவர் தயாரித்த பட்டியலில் 1,386 குழந்தைகளுடன் மர்ஃபி முதலிடத்தில் நின்றது. அதைக்கொண்டு நாட்டில் ஏறத்தாழ 62,600 மர்ஃபிகள் இருப்பதாக அவர் மதிப்பிட்டார். அடுத்து வந்த கெல்லி 55,900, சல்லிவன் 43,600. அயர்லாந்தில் மர்ஃபி இன்றும் அந்த முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வெளியேதான் எண்ணிக்கை பெரிது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மடிந்து, ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினார்கள். அவர்களோடு இப்பெயரும் சென்றது. 2010ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் 3,08,417 பேர் மர்ஃபி. அந்நாட்டுப் பெயர் வரிசையில் 64ஆவது இடம். பஞ்சத்துக்கு முன்பே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும், வெக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆர்ஜென்டினாவின் புல்வெளிகளுக்கும் மர்ஃபிகள் போயிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் சதுரங்க மேதை பால் மார்ஃபியின் பெயர்கூட, ஐரிஷ் குடும்பம் ஒன்று ஸ்பெயின் வழியாக அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வந்து சேர்ந்ததன் தடயமே.

அமெரிக்க மர்ஃபிகளில் கணிசமானோர் எடி மர்ஃபியைப் போலக் கறுப்பினத்தவர்கள். அடிமைமுறை ஒழிந்தபோது குடும்பப் பெயர் தேவைப்பட்ட பலர் முன்னாள் எஜமானரின் பெயரையோ, வட்டாரத்தில் பழகிய ஒரு பெயரையோ ஏற்றுக்கொண்டார்கள். கலப்பு மணங்கள் வழியாக வந்ததும் உண்டு. எந்தக் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை அந்தக் குடும்பத்தின் ஆவணங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மர்பி ரேடியோவும் ‘மர்ஃபியின் விதி’யும் அயர்லாந்திலிருந்து வந்தவையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டுமே இல்லை. விரலை உதட்டருகே வைத்த குழந்தையின் படத்தோடு நம் வீடுகளுக்குள் வந்த மர்பி ரேடியோ, ஃபிராங்க் மர்ஃபியும் அவருடைய கூட்டாளி ஒருவரும் 1929இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். ‘தவறாகப் போகக்கூடியது தவறாகவே போகும்’ என்ற விதியோ, 1949இல் கலிஃபோர்னியாவின் விமானப்படைத் தளம் ஒன்றில் ராக்கெட் வண்டிச் சோதனைக்குப் பொருத்திய உணர்கருவிகள் தவறாக இணைக்கப்பட்டதைக் கண்டு சலித்துக்கொண்ட அமெரிக்கப் பொறியாளர் எட்வர்ட் மர்ஃபியின் பெயரால் வழங்குகிறது.

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ-இந்தியர்கள், எங்கள் குடும்பப் பெயர் மர்ஃபி. தாத்தாவுக்குத் தாத்தா சிப்பாயாக வந்தவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இணையத்தில் விற்கும் ‘மர்ஃபி குலச் சின்னத்தை’ வாங்கிச் சுவரில் மாட்டலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அழகுக்காக மாட்டலாம்; உரிமையாகக் கருத வேண்டாம். அயர்லாந்தில் மரபுச் சின்னங்கள் தனிமனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டவையே தவிர, ஒரு பெயருடைய எல்லோருக்கும் உரியவை அல்ல.

உங்கள் முன்னோர் சிப்பாயாக வந்தவர் என்பது மிகவும் நம்பத்தக்கது. 1830 அளவில் பிரிட்டிஷ் தரைப்படைச் சிப்பாய்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் ஐரிஷ்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் ஐரோப்பியப் படைப்பிரிவுகளுக்கு அயர்லாந்தில் பெருமளவில் ஆள் சேர்த்தது. கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவாக இருந்ததே பிற்காலத்தில் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டு, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாளமாக மாறியது.

தேடலை அயர்லாந்தில் தொடங்காதீர்கள். அங்கே மர்ஃபி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கதவையும் தட்ட முடியாது. போதாக்குறைக்கு, 1922 ஜூன் இறுதியில் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானதில் பழைய மக்கள்தொகைப் பதிவுகள் பெருமளவு அழிந்துபோயின. முதலில் உங்கள் குடும்பம் சார்ந்த தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பார்த்து, பின்னோக்கிச் செல்லுங்கள். மெட்ராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் படிகள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து படைப்பிரிவின் பெயர் கிடைத்தால், அவர் படையில் சேர்ந்தபோது எழுதப்பட்ட பதிவைத் தேடலாம். பிறந்த மாவட்டமும் திருச்சபைப் பங்கும் பெரும்பாலும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பங்கின் பெயர் தெரிந்த பிறகு, 1847க்கும் 1864க்கும் இடையில் தொகுக்கப்பட்ட கிரிஃபித் நில மதிப்பீட்டில் அந்தப் பங்கில் நிலம் வைத்திருந்த மர்ஃபிகள் யார் யார் என்று பார்க்கலாம். அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பங்கு கார்க் மாவட்டத்தில் அமைந்துவிட்டால், ஒரே கிராமத்தில் பல மர்ஃபி குடும்பங்கள் தென்படும். ஊரார் அவர்களைச் செம்மயிர் மர்ஃபி, வெண்மயிர் மர்ஃபி என்று பட்டப்பெயரால் பிரித்து அழைத்திருப்பார்கள். ஆகவே முன்னோரின் தந்தை பெயரையும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் ஞானஸ்நானப் பதிவுகளில் தேடி, முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.